செய்கிற ஊர் தனக்கும் செய்யட்டும்

ராயபுரம் முதல் எண்ணூர் வரை நாட்டுக்கே வண்டியும் எந்திரமும் செய்து கொடுத்த வடசென்னை, தன் வீட்டு மேசையைத் தானே செய்துகொள்ள ஒரு பொதுப் பட்டறை வேண்டும். அது ஏன் தேவை, எப்படிச் சாத்தியம்?

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அந்த நிலையத்திலிருந்து கடலை ஒட்டியே வடக்கே போனால் இந்தியத் தொழில் வரலாற்றில் பல அத்தியாயங்களைக் கடந்துவிடலாம். திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் 1946-இல் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியதுதான் பிற்காலத்து எம்.ஆர்.எஃப். என்ஃபீல்டு புல்லட் 1950-களிலிருந்து அதே திருவொற்றியூரில் தயாரானது. அதன் பெட்ரோல் டேங்கில் ஓடும் கோட்டைக் கையால் இழுக்கிற வழக்கம் எந்திரங்கள் வந்த பிறகும் நீடித்தது. 1948-இல் பிறந்த அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது, பிறகு அசோக் லேலண்ட் ஆகி நாடு முழுவதற்கும் லாரியும் பஸ்ஸும் கொடுத்தது. தீக்குச்சிக்கு மரம் சீவிய விம்கோவின் பெயரை இன்று ஒரு மெட்ரோ நிலையம் சுமக்கிறது. இரும்பையும் மரத்தையும் ரப்பரையும் இத்தனை தலைமுறையாகப் பழகிய கைகள் வேறெங்கும் இவ்வளவு நெருக்கமாகக் குடியிருப்பது அரிது. ஆனால் அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்களின் வீட்டில் இருக்கிற கட்டிலும் அலமாரியும் பெரும்பாலும் தவணைக்கடையில் வாங்கியவை. மரத்தூளைப் பசையில் கெட்டிப்படுத்தி மேலே மரம்போலத் தாள் ஒட்டியவை. பிறருக்காகச் செய்வதில் தேர்ந்த ஊர் தனக்காகச் செய்ய நேரமும் இடமும் கருவியும் இல்லாமல் இருக்கிறது. மரமும் உலோகமும் சேர்த்துக் கையால் அறைகலன் செய்வது வசதியானவர்களின் வார இறுதிப் பொழுதுபோக்கு என்று பெயர்பெற்றுவிட்டது. அது உழைக்கும் மக்களின் பொழுதுபோக்காக வேண்டும், அதற்கு வடசென்னையே முதல் இடமாக வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

பொருள் காலடியில் கிடக்கிறது

பொருளிலிருந்தே தொடங்கலாம். சென்னையின் இரும்பு வணிகத்துக்காக சி.எம்.டி.ஏ. அமைத்த சாத்தாங்காடு இரும்புச் சந்தை திருவொற்றியூருக்கும் மணலிக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. மேசைக்கு வேண்டிய ஸ்கொயர் பைப், எல் ஆங்கிள், பிளாட் எல்லாம் அங்கே எடைபோட்டுக் கிடைக்கும். 25 மில்லிமீட்டர் அகலமும் 2 மில்லிமீட்டர் கனமும் உள்ள சதுரக் குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ 1.4 கிலோ வரும். நான்கு பேர் உட்காரும் மேசைக்குக் கால்களும் மேல்சட்டமும் குறுக்குக் கம்பிகளும் சேர்த்து 8 மீட்டர் போதும். அதாவது பதினோரு கிலோ சொச்சம் இரும்பு. மரத்துக்கு மரவாடிக்குப் போகலாம். போக முடியாதவர்களுக்குக் காயலான் கடைகளும் துறைமுகமும் உண்டு. கன்டெய்னரில் வருகிற சரக்கு மரப் பேலட்டில்தான் உட்கார்ந்து வருகிறது. சரக்கு இறங்கியதும் அந்த மரத்துக்கு வேலை முடிந்துவிடுகிறது. விறகு விலைக்குக் கைமாறுகிறது. இழைப்புளியால் இரண்டு தரம் சீவினாலே சாம்பல் பூத்த மேல்தோல் போய், உள்ளே தேன் நிறத்தில் பைன் மரத்தின் ரேகை தெரியும்.

அந்தப் பேலட் மரத்தை எடுக்கும் முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. மரத்தோடு மரமாகப் பூச்சிகள் கண்டம் தாண்டாமலிருக்க ஒரு சர்வதேச விதி 2002-இல் வந்தது. அதன்படி ஏற்றுமதிக்குப் போகும் பேலட் ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் கோதுமைக் கதிர் சின்னமும் நாட்டின் குறியெழுத்தும் சூடுபோட்டிருக்கும். பக்கத்திலேயே ‘ஹெச்.டி.’ என்று இருந்தால் மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி சூட்டில் முப்பது நிமிடமாவது இருந்திருக்கிறது என்று பொருள், வீட்டுக்கு எடுக்கலாம். ‘எம்.பி.’ என்று இருந்தால் அது மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு காட்டிய மரம். தொடாமல் விட்டுவிடுவது நல்லது. சூட்டு முத்திரை இருந்தாலும் எண்ணெயோ ரசாயனமோ சிந்திய கறை உள்ள பலகையை ஒதுக்கிவிட வேண்டும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருந்து பேலட்டை அடுப்பில் வைக்கிறவர்களுக்கே இந்த இரண்டெழுத்து தெரிந்தாக வேண்டும். கைவேலை கற்றுக்கொடுப்பது இப்படிப்பட்ட கண்ணைத்தான். அந்தக் கண் இல்லாததால் இழந்ததும் உண்டு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது தூங்குமூஞ்சியும் வேம்பும் பூவரசும் தெருத்தெருவாகக் கிடந்தன. துண்டுபோட்டு லாரியில் ஏற்றி அப்புறப்படுத்தினார்கள். அறுத்து நிழலில் அடுக்கி உலரவைக்கத் தெரிந்த கைகள் தெருவுக்கு நாலு இருந்திருந்தால் அதில் எத்தனையோ பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு கிடைத்திருக்கும்.

இரும்பும் மரமும் சேரும் இடம்

இதெல்லாம் வெறும் கைப்பழக்கம், இதில் அறிவுக்கு என்ன வேலை என்று நினைப்பவர்கள், இரும்புச் சட்டத்தின் மேல் மரப்பலகையைப் பொருத்தும் அந்த ஒரு வேலையை மட்டும் உற்றுப் பார்க்கட்டும். மரம் செத்த பிறகும் காற்றிலிருக்கும் ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கிறது. நீளவாக்கில் அது அசைவது கணக்கில் சேராது. அகலவாக்கில்தான் விரிந்து சுருங்கும். பச்சை மரமாக இருந்து முற்றிலும் காயும் வரை தேக்கு, வளையங்களை ஒட்டிய திசையில் சுமார் 5.8 சதவீதம் சுருங்குகிறது. நன்றாக உலர்ந்த பலகைக்கும் இந்த அசைவு ஓயாது. கடற்காற்று வீசும் வீட்டிலிருந்து ஏ.சி. அறைக்குப் போய் அதன் ஈரம் நாலு சதவீதம் குறைந்தால், 60 சென்டிமீட்டர் அகல மேசைப்பலகை ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் சுருங்கும். அதே அகலத்துக்கு இரும்புச் சட்டம், வெப்பநிலை 15 டிகிரி மாறினாலும், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் அசையும். இரண்டையும் திருகாணி போட்டு இறுக்கிப் பூட்டினால் ஒன்று போக நினைக்கும், மற்றது விடாது; ஒருநாள் பலகை நடுவில் வெடிக்கும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் இரும்புச் சட்டத்தில் வட்டத் துளைக்குப் பதிலாக அகலவாக்கில் நீண்ட துளை போடுகிறார்கள். நடுவிலுள்ள திருகு மட்டும் பலகையை நிலையாகப் பிடிக்கும். ஓரத்துத் திருகுகள் வாஷரோடு துளைக்குள் நகர்ந்து கொடுக்கும்.

பிடித்துக்கொண்டே நகரவிடுகிற இந்த நுட்பம் இந்தக் கடற்கரைக்குப் புதிதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் எழும்பும் வரை சென்னைக்கு வந்த கப்பல்கள் அலைக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்றன. ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலா படகுகள். அவற்றில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடிக்கும்போது தையல் நெகிழ்ந்து கொடுக்கும், படகு உடையாது. ஆணியடித்த ஐரோப்பியப் படகுகள் அந்த அலையில் தாக்குப்பிடிக்க முடியாததால் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளும் மசூலாவில்தான் கரையேறினார்கள். கட்டுமரமும் பெயருக்கேற்றபடி கட்டப்பட்டதே. 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகி, காசிமேட்டுக் கரையில் கட்டுமரம் அருகிவிட்டது. படகு மாறுவது காலத்தின் தேவை. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பொருள் எப்படி அசையும், அதற்கு எங்கே இடம்விட வேண்டும் என்ற அறிவு படகோடு சேர்ந்து போய்விடக் கூடாது. அந்த அறிவைப் புத்தகத்தில் படித்தால் தகவலாகத்தான் இருக்கும். பலகையை இழைத்து, துளையை அரத்தால் நீட்டி, பூட்டிய மேசை ஒரு மழைக்காலம் கடந்தும் வெடிக்காமல் நிற்பதைப் பார்த்தால்தான் அது கைக்கும் கண்ணுக்கும் சொந்தமாகும்.

வெள்ளமும் உப்புக்காற்றும்

கையால் செய்த அறைகலன் அழகுக்கு மட்டும்தானே என்று கேட்கலாம். வடசென்னையில் அதற்கு வேறு அவசியம் உண்டு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலிலும் இந்தப் பகுதியில் வீடுவீடாகத் தண்ணீர் புகுந்தது. மிக்ஜாமின்போது எண்ணூர்ப் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் வந்து சுவரிலும் படகிலும் வலையிலும் படிந்தது. பார்ட்டிகிள் போர்டு அலமாரி தண்ணீரில் நின்றால் அடிப்பக்கம் ஊதி, உதிர்ந்து, மறுபடி தேறாது. தவணை கட்டி முடிப்பதற்குள் அலமாரி குப்பைக்குப் போனவர்கள் உண்டு. அதே தண்ணீரில் நனைந்த முழுமரப் பலகையை நிழலில் காயவைத்து, உப்புத்தாள் தேய்த்து, எண்ணெய் பூசினால் மீண்டும் பயன்படும். இரும்புக் காலில் துரு ஏறியிருந்தால் சுரண்டிவிட்டு ரெட் ஆக்ஸைடு பிரைமர் அடித்துப் பெயின்ட் பூசலாம். இந்தக் கரையின் உப்புக்காற்றுக்கு அந்தப் பூச்சு கட்டாயம். குழாயின் வாயை மூடாமல் விட்டால் உள்ளிருந்தே அரிக்கும் என்பது இங்குள்ள எந்த வெல்டருக்கும் தெரியும். வெள்ளம் வரும் என்று தெரிந்த வீட்டில் இரும்புக்கால் கட்டிலை ஒரு சாண் கூடுதல் உயரத்தில் செய்துகொள்ளலாம். கடையில் வாங்கும் கட்டில் அந்த வீட்டின் வெள்ளக் கணக்கை அறியாது.

இடநெருக்கடியும் இதே பக்கம்தான் பேசுகிறது. இருநூறு முந்நூறு சதுர அடிக் குடியிருப்புகளில் வாழ்கிற குடும்பத்துக்கு ஷோரூம் அறைகலன்கள் அளவெடுத்துச் செய்தவை அல்ல. அங்கே தேவை சுவரோடு மடிந்துபோகிற படிப்பு மேசை, அடியில் அரிசி டிரம் நுழைகிற பெஞ்சு, கதவு திறக்க இரண்டு அங்குலம் விட்டு நிற்கிற அலமாரி. இந்த இரண்டு அங்குலம் அந்த வீட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும். ஆயிரக்கணக்கில் ஒரே அளவில் அறுத்து அனுப்புகிற தொழிற்சாலைக்குத் தெரிய வழியில்லை. ஏழை வீட்டுக்குத்தான் அளவெடுத்த அறைகலன் அதிகம் வேண்டும். ஆனால் பணக்கார வீட்டுக்குத்தான் அது கிடைக்கிறது. இந்தத் தலைகீழ் நிலையை மாற்ற இரண்டு வழிகள். தச்சருக்கு முழுக்கூலி கொடுக்கும் அளவுக்கு வருமானம் உயர வேண்டும். அது வர நாளாகும். வீட்டுக்காரரே செய்யக் கற்றுக்கொள்வது இன்றே தொடங்கக்கூடியது. இத்தாலிய வடிவமைப்பாளர் என்ஸோ மாரி 1974-இல் இதைச் செய்து காட்டினார். சாதாரணப் பலகையும் ஆணியும் சுத்தியலும் இருந்தால் யாரும் செய்துகொள்ளக்கூடிய மேசை, நாற்காலி, கட்டிலுக்கு வரைபடங்கள் வரைந்து, கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார். தானே ஒரு மேசை செய்தவர், கடையில் விற்கும் மேசையின் தரத்தையும் எடைபோடக் கற்றுக்கொள்வார் என்பது அவர் நம்பிக்கை.

ஓய்வு யாருக்கு?

பன்னிரண்டு மணிநேர ஷிஃப்ட் முடித்து வருகிறவனிடம் போய் மேசை செய் என்று சொல்வதா? இது நியாயமான கேள்வி. விடை வடசென்னையின் வரலாற்றிலேயே இருக்கிறது. பெரம்பூர் பக்கிங்ஹாம்–கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்கள் 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டார்கள்; பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்நின்றார்கள். மதிய இடைவேளையை நீட்டித் தாருங்கள் என்பது அந்தச் சங்கத்தின் ஆரம்பகாலக் கோரிக்கைகளுள் ஒன்று. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தை இந்தச் சென்னைக் கடற்கரையில் கொண்டாடினார். எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் உறக்கம், எட்டு மணி நேரம் தனக்கு என்ற உலகத் தொழிலாளர் முழக்கத்தில் மூன்றாவது எட்டு மணி நேரம் மற்ற இரண்டுக்கும் குறைந்ததில்லை. சரியாக நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரலில், வேலைநேரத்தைப் பன்னிரண்டு மணிவரை நீட்ட வழிசெய்யும் சட்டத்திருத்தம் தமிழ்நாட்டுப் பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, மே தினத்தன்றே அது திரும்பப் பெறப்பட்டது. ஓய்வு நேரத்துக்காக இவ்வளவு போராடிய மக்களிடம், அந்த நேரம் உனக்கு எதற்கு, உனக்கேது பொழுதுபோக்கு என்று கேட்பது அந்தப் போராட்டத்தையே மறப்பதாகும். நேரம் குறைவு என்பது உண்மை. நேரத்தைப் பெறுவதற்கான போராட்டமும் பெற்ற நேரத்தைத் தனக்காகச் செலவிட ஓரிடமும் ஒன்றுக்கொன்று துணை. ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்க முடியாது.

ஆலைக்குள் செய்கிற வேலைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு, வீட்டிலும் அதே இரும்பா என்று சலிப்பவர்களும் உண்டு. வேறுபாடு பெரிது. அசெம்பிளி லைனில் நிற்பவர் முழு வண்டியைச் செய்வதில்லை. ஒரு போல்ட்டை முடுக்குகிறார், ஒரு வெல்டைப் போடுகிறார், அடுத்தது வந்துவிடுகிறது. தொடக்கமும் முடிவும் அவர் கையில் இல்லை. மேசை செய்கிறவருக்கோ அளவெடுப்பது முதல் கடைசிப் பூச்சுவரை முழுவதும் தன் தீர்மானம். தவறினால் தன் தவறு, நன்றாக வந்தால் தன் பெருமை. அதோடு, ஆலை என்ற பள்ளிக்கூடமே இங்கே சுருங்கிவருகிறது. பின்னி ஆலை என்று அறியப்பட்ட அதே பக்கிங்ஹாம்–கர்னாடிக் ஆலை 1996-இல் நின்றது; எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. நிரந்தரத் தொழிலாளியாகச் சேர்ந்து, மூத்த ஃபிட்டரின் பக்கத்தில் நின்று பத்து வருடத்தில் தொழில் பழகுவது ஒப்பந்தக்கூலி முறையில் நடக்காது. ஓய்வுபெற்ற டர்னரும் மோல்டரும் இன்னும் இதே தெருக்களில்தான் இருக்கிறார்கள். அவர்கள் அறிந்ததை வாங்கிக்கொள்ள அடுத்த தலைமுறைக்கு ஓர் இடம் வேண்டும்.

குலத்தொழில் என்ற நிழல்

தமிழ்நாட்டில் கைத்தொழிலைப் புகழும்போதெல்லாம் எழ வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது குலத்தொழிலுக்குத் திரும்பச் சொல்வதா? 1953-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வி என்று பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்தார்கள். 1954-இல் ராஜாஜி பதவி விலகி, காமராஜர் முதல்வரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. அந்த விழிப்பு இன்னும் இருக்கிறது. ஒன்றிய அரசு 2023 செப்டம்பரில் கைவினைஞர்களுக்காகத் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில், பரம்பரையாக அத்தொழிலைச் செய்யும் குடும்பமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. குடும்பத் தொழில் என்ற கட்டு இல்லாத கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025-இல் தனியே தொடங்கியது. இந்த எச்சரிக்கை முற்றிலும் சரி. தச்சு ஒரு சாதிக்கு, கொல்லு இன்னொரு சாதிக்கு, கையால் தொடாமல் கட்டளையிடுவது வேறொரு சாதிக்கு என்று பிரித்துவைத்ததால்தான் நம் நாட்டில் கைவேலைக்கு மதிப்பில்லாமல் போனது.

பொழுதுபோக்காகச் செய்கிற கைவேலை இந்தப் பிரிவினைக்கு நேர் எதிரானது. அதில் பிறப்பு யாரையும் உளியை எடுக்கச் சொல்வதில்லை, விருப்பம் சொல்கிறது. மீனவர் வீட்டுப் பெண் வெல்டிங் பிடிக்கலாம், வங்கி ஊழியர் இழைப்புளி பிடிக்கலாம், ஆசாரி வீட்டுப் பையன் இதையெல்லாம் விட்டுவிட்டுக் கணினி படிக்கலாம். பின்லாந்து 1866-இலேயே மக்கள் பள்ளிகளில் கைவேலையைக் கட்டாயப் பாடமாக்கியது. எல்லாப் பிள்ளைகளும் எல்லோருக்குமான கல்வியாகக் கற்றார்கள். குலக்கல்வித் திட்டத்தின் பிழை கைவேலையைக் கற்பித்ததில் இல்லை. அவரவர் அப்பன் வேலையை மட்டும் கற்கச் சொன்னதிலும், அதற்காகப் படிப்பைப் பறித்ததிலும் இருந்தது. படித்தவர் கையும் மரத்தைத் தொடலாம் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. எம்.ஐ.டி.யில் கட்டடக்கலை படித்த ஜார்ஜ் நகாஷிமா, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைக் கட்டும் பணிக்காக 1937-இல் புதுச்சேரி வந்தார். அங்கே கட்டடத்தோடு அதன் மர அறைகலன்களையும் வடிவமைத்தார். பிறகு அமெரிக்கா திரும்பி, கட்டடக்கலையை விட்டு மரவேலையையே வாழ்க்கையாக்கிக்கொண்டு உலகப்புகழ் பெற்றார். இதே சென்னையில் அலெக்சாண்டர் ஹன்டர் 1850-இல் தொடங்கிய கலைப்பள்ளியில் மரவேலையும் உலோகவேலையும் பாடமாக இருந்தன. ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலை 1890-களின் இறுதியில் அங்கேதான் வளர்த்தெடுத்தார். பின்னாளில் அந்தப் பள்ளி ஓவியமும் சிற்பமும் முதன்மையான கவின்கலைக் கல்லூரியானது. கலைக்கு அதனால் பெரும் நன்மை விளைந்தது. ஆனால் நாற்காலி செய்வதும் கலைதான் என்று சொல்கிற பொதுவிடம் ஒன்று நகரத்தில் குறைந்துபோனது.

தச்சரின் பிழைப்பைக் கெடுக்குமா என்பது அடுத்த கேள்வி. ஊரில் எல்லோரும் தாமே மேசை செய்துகொண்டால் தொழிலாகச் செய்பவர் என்ன ஆவார்? தச்சரின் வேலையை இன்று எடுத்துக்கொண்டிருப்பது எது என்று பார்த்தால் விடை கிடைக்கும். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் நாற்காலியும் பெட்டியில் வரும் பார்ட்டிகிள் போர்டு அலமாரியும்தான். ஓய்வுநேரத்தில் வருடத்துக்கு ஒன்றிரண்டு பொருள் செய்கிறவர் அந்த இடத்துக்குப் போட்டியாக வர முடியாது. அவருக்கு மரவாடியில் பலகை அறுத்துக் கொடுக்க ஆள் வேண்டும், குழாய் வளைக்க ஆள் வேண்டும், கற்றுக்கொடுக்க ஆசான் வேண்டும். ஒரு இழுப்பறையைக் கோணல் இல்லாமல் பூட்ட எவ்வளவு பொறுமை வேண்டும் என்று பட்டறிந்தவர் தச்சரிடம் கூலி பேரம் பேசக் கூசுவார். ஆனால் ஒரு எச்சரிக்கை அவசியம்: பொதுப் பட்டறையில் கற்றுக்கொடுக்கும் தொழிலாளிக்கு முறையான சம்பளம் கொடுக்க வேண்டும். சேவை என்ற பெயரில் அவர் திறமையை இலவசமாக வாங்கினால் இந்த வாதம் அங்கேயே தோற்றுவிடும்.

பட்டறையும் ஒரு நூலகம்

கடைசி எதிர்ப்புதான் மிக வலுவானது: இது ஆபத்தான வேலை. ஆங்கிள் கிரைண்டரின் கட்டிங் வீல் உடைந்து தெறித்தால் கண் போகும். வெல்டிங் வெளிச்சத்தைக் கண்ணாடியில்லாமல் பார்த்தால் இரவெல்லாம் கண்ணில் மணல் கொட்டியதுபோல உறுத்தும். ஜி.ஐ. குழாயின் துத்தநாகப் பூச்சை எடுக்காமல் பற்றவைத்தால் வருகிற வெள்ளைப் புகை காய்ச்சலில் படுக்கவைக்கும். மரத்தூளைப் புற்றுநோய் தரும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இலேயே வகைப்படுத்திவிட்டது. ஆலைப் புகையை ஏற்கெனவே சுவாசித்துக்கொண்டிருக்கிற எண்ணூர் வீட்டில், குழந்தை தூங்கும் ஒற்றை அறையில், கேஸ் சிலிண்டர் பக்கத்தில் கிரைண்டர் ஓட்டச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறவரும் இருக்கிறார். எனவே இந்தப் பொழுதுபோக்கு வீட்டுக்குள் வளர முடியாது. மாடியும் கராஜும் உள்ளவர்களுக்கு மட்டும் அது வாய்ப்பதற்கான காரணமும் இதுவே. இந்த எதிர்ப்பை முழுதாக ஒப்புக்கொண்டால் அதற்குள்ளேயே தீர்வும் இருக்கிறது: தூசு உறிஞ்சும் கருவியும், மறைப்புத் திரையும், முதலுதவியும், பயிற்சி பெற்ற மேற்பார்வையாளரும் உள்ள பொதுப் பட்டறை.

இதற்கு முன்மாதிரிகள் உண்டு. ஆஸ்திரேலியாவில் 1990-களிலிருந்து ஓய்வுபெற்ற ஆண்கள் கூடிச் செய்யும் பொதுப் பட்டறைகள் ஊர்தோறும் பரவின. தனிமையில் வாடிய முதியவர்களின் மனநலத்துக்கு அவை உதவுவதைக் கண்டு அங்குள்ள அரசும் கைகொடுத்தது. பெங்களூருவில் அல்சூர் மெட்ரோ நிலையத்தின் கீழே ஒரு பொதுப் பட்டறை இயங்கிக் காட்டியது. காலடிப்பேட்டை முதல் விம்கோ நகர் வரை நம் மெட்ரோவும் தூண் மேல்தான் ஓடுகிறது. நிலையங்களுக்குக் கீழே இடம் தேடினால் கிடைக்கும். வடசென்னை அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் வைஸ் பூட்டிய மேசைகளும் லேத்தும் ஏற்கெனவே இருக்கின்றன. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அதன் ஒரு கூடத்தை ஊராருக்குத் திறந்துவிடலாம். வடசென்னை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் கொளத்தூரில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம், போட்டித்தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் சொந்தத் தொழில் தொடங்கும் இளைஞர்களுக்கும் நாற்காலியும் மேசையும் இணைய வசதியும் தந்தது. அதே திட்டம் ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஒரு கூடத்தில் ஆறு தச்சுமேசையும் மூன்று வெல்டிங் மறைப்பும் ஒரு துளைபோடும் எந்திரமும் வைக்கட்டும். கணினியில் உழைப்பவருக்கு மேசை கொடுத்த அரசு, மேசை செய்ய விரும்புபவருக்கும் இடம் கொடுப்பது அதன் இயல்பான தொடர்ச்சி.

இதில் அரசுக்கு என்ன வருமானம் என்று கேட்பார்கள். நூலகத்தில் என்ன வருமானம்? நாடு விடுதலையடைந்த மறு ஆண்டே, 1948-இல், மெட்ராஸ் மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. சுதந்திர இந்தியாவில் அதுவே முதல் நூலகச் சட்டம். சொத்துவரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். யாரும் அதை வீண்செலவு என்பதில்லை. புத்தகம் வாங்க முடியாதவருக்கும் படிக்க உரிமை உண்டு என்று எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே ஏற்றுக்கொண்ட சமூகம் நாம். கிரைண்டர் வாங்க முடியாதவருக்கும் செய்ய உரிமை உண்டு என்பதை ஏற்பது அதற்கடுத்த படி. எல்லோரும் வரமாட்டார்கள், நூலகத்துக்கும் எல்லோரும் போவதில்லை. வருகிறவர்களில் சிலர் ஒரு முக்காலியோடு நிறுத்திக்கொள்வார்கள், சிலர் தொழிலாகவே எடுத்துக்கொள்வார்கள். பெண்கள் வரத் தயங்காதபடி அவர்களுக்கென்று நேரமும் பெண் பயிற்சியாளரும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது ஆண்களின் கூடமாகவே நின்றுவிடும்.

துறைமுகமும் அனல்மின் நிலையமும் சுத்திகரிப்பு ஆலையும் இந்த மக்களிடமிருந்து எடுத்துக்கொண்டது ஏராளம்: கடற்கரை, காற்று, கழிமுகம், உழைப்பு. அதற்கு ஈடாக ஒரு பட்டறை போதும் என்று யாரும் சொல்ல முடியாது; மாசைத் தடுப்பதும் முறையான வேலையும் தரமான வீடும் அதற்கு முன்னால் வரவேண்டிய கடன்கள். ஆனால் வடசென்னை மக்களை நிவாரணம் பெறுகிறவர்களாக மட்டுமே பார்த்துப் பழகிய கண்கள் அவர்களைச் செய்யத் தெரிந்தவர்களாகப் பார்க்கவும் பழக வேண்டும். நாட்டையே சக்கரத்தில் ஏற்றிய திறமை இந்தத் தெருக்களில் இருக்கிறது. மரம் துறைமுகத்தில் இறங்குகிறது, இரும்பு சாத்தாங்காட்டில் கிடக்கிறது, கற்றுக்கொடுக்கத் தெரிந்த மூத்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். இவற்றை ஒரு கூரையின் கீழ் கொண்டுவருவதற்குப் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம். ஒரு கட்டடமும், மாலை நேரச் சாவியும், சில பயிற்சியாளர்களின் சம்பளமும் போதும். மூத்தவர்கள் இருக்கும்போதே அந்தக் கதவைத் திறந்துவிட வேண்டும்.